ஒரு வீசம் விமானம்

தமிழ்க் கணக்கில் பதினாறில் ஒரு பங்குக்கு வீசம் என்று பெயர். மாகாணி என்பதும் அதே அளவுதான். வீசத்தில் பாதி அரை வீசம், அதிலும் பாதி கால் வீசம். எண்சுவடியை உரக்க ஒப்பித்த திண்ணைப் பள்ளிகள் மறைந்தபோது இச்சொற்களும் புழக்கத்திலிருந்து மெல்ல நழுவின. அந்த அளவு மட்டும் எங்கெங்கோ சுற்றி, இன்று பெருஞ்செல்வர்களின் தனி ஜெட் விமானங்களில் வந்து அமர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளின்படி, பங்குமுறைத் திட்டமொன்றில் விமான உரிமையாளர் ஆவதற்கு ஒருவர் குறைந்தது ஒரு விமானத்தின் பதினாறில் ஒரு பங்கை வாங்கியிருக்க வேண்டும். அதாவது ஒரு வீசம்.

இந்த ஏற்பாட்டுக்கு உருக்கொடுத்தவர் ரிச்சர்ட் சான்டுல்லி. கணிதம் படித்தவர், கோல்டுமன் சாக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1984-இல் எக்ஸிக்யூட்டிவ் ஜெட் ஏவியேஷன் என்ற விமான நிறுவனத்தை வாங்கினார். சொந்த விமானம் வைத்திருப்பவர் அதை ஆண்டில் சில நூறு மணி நேரம் பயன்படுத்தினாலே அதிகம். மற்ற நேரமெல்லாம் அது கொட்டகையில் நிற்கும். செலவு மட்டும் நிற்காது. சான்டுல்லி தம் நிறுவனத்தின் பழைய பயணப் பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு, இத்தனை பேருக்கு எத்தனை விமானங்கள் இருந்தால் எவரும் காத்திருக்க நேராது என்று கணக்கிட்டார். 1986-இல் நெட்ஜெட்ஸ் திட்டம் பிறந்தது. 1998-இல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே அந்நிறுவனத்தை 72.5 கோடி டாலருக்கு வாங்கியது.

ஒரு விமானத்துக்கு ஆண்டொன்றுக்கு 800 பறக்கும் மணி என்று வைத்துக்கொண்டால், வீசத்துக்கு 50 மணி. பங்கின் விலையைத் தவிர மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணமும், பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் தனிக் கட்டணமும் உண்டு. ஆனால் பங்குதாரர் தமக்குச் சொந்தமான அந்த விமானத்திலேயே பறப்பார் என்பதில்லை. சேரும்போதே எல்லாப் பங்குதாரர்களும் தத்தம் விமானங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். சில மணி நேரம் முன்னதாகச் சொன்னால் போதும், அதே வகையைச் சேர்ந்த ஏதோ ஒன்று வந்து நிற்கும். எல்லா விமானங்களும் வேலையாக இருக்கும் நாளுக்கென்று நிறுவனம் தன் பொறுப்பில் கூடுதல் விமானங்களை வைத்திருக்கும். இவர்கள் விலைகொடுத்து வாங்குவது காத்திராமல் இருக்கும் உரிமையை.

பெரும் பொருளொன்றை வீசக்கணக்கில் பங்கிடும் பழக்கம் வானத்தில் தோன்றியதல்ல. ஐரோப்பியத் துறைமுகங்களில் அது கப்பலோடு வளர்ந்தது. ஒரு கப்பல் மூழ்கினால் ஒரு குடும்பமே மூழ்கும் என்பதால், ஒல்லாந்து வணிகர்கள் ஒவ்வொரு கப்பலையும் 16, 32, 64 பங்குகளாகப் பிரித்துப் பலர் சேர்ந்து வைத்துக்கொண்டார்கள். ஒரே கப்பலில் முழுப்பணத்தையும் போடுவதைவிடப் பதினாறு கப்பல்களில் ஆளுக்கு ஒரு வீசம் வைத்திருப்பது பாதுகாப்பு. பிரித்தானியக் கப்பல் பதிவில் இன்றும் ஒரு கப்பலுக்கு 64 பங்குகள்தாம். ஒவ்வொன்றும் கால் வீசம்.

1602-இல் இந்தப் பழக்கம் ஒரு பெருந்தாவலைத் தாவியது. தனித்தனிக் கப்பல்களுக்குப் பதிலாக, டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி என்ற நிறுவனம் முழுவதற்கும் பங்கு விற்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் கிளையில் மட்டும் 1,143 பேர் பணம் போட்டார்கள். அவர்களில் 100 கில்டர் போட்ட ஒரு வீட்டுப் பணிப்பெண்ணும் இருந்தாள். அந்தப் பணத்தில் கிளம்பிய கப்பல்கள் வந்து நின்ற கரைகளுள் ஒன்றுதான் சென்னைக்கு வடக்கே உள்ள நம் பழவேற்காடு. 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் அதுவே. துணி ஏற்றிப்போன அதே துறையிலிருந்து அடிமைகளாக மனிதர்களும் பத்தேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். தன் 100 கில்டர் எதைச் சுமந்து சென்றது என்பதை ஆம்ஸ்டர்டாம் பணிப்பெண் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பங்கு சிறியதாகச் சிறியதாக, பங்குதாரரின் கண்ணுக்கும் பொருளுக்கும் இடையிலான தொலைவு பெரிதாகிறது.

கோட்டைச் சுவருக்கு வெளியே, ஏரியில், பங்கீட்டின் வேறொரு இலக்கணம் வாழ்ந்துவந்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். பழவேற்காடு ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய நீரில், ஓதத்தின் இழுப்போடு இறால் வரும். கழிகளை ஊன்றி வலை கட்டத் தோதான இடங்கள் அங்கே சிலவே, ஆசைப்படுவோர் பலர். எனவே இடம் எவருக்கும் நிலையாகச் சொந்தமில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் முறைவைத்து இறங்கும். இன்று நல்ல இடம் கண்டவர் நாளை விலகி நிற்பார். எந்த இடம் எவருக்கு என்பதைச் சீட்டு சொல்லும். திருமணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. தொண்டை மண்டலத்து மிராசு ஊர்களில் வயல்களைக் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபங்கீடு செய்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நிலத்தில் வழங்கியதன் நீர்வடிவம் இது.

பாடு என்ற சொல் அழகானது. மீனவர் பேச்சில் மீன்பாடு என்றால் கிடைத்த மீன். பொதுவழக்கில் பாடு என்றால் உழைப்பு, துன்பம். ஏரியில் அது இடத்துக்கும் முறைக்கும் பெயர். இடம், முறை, உழைப்பு, பலன் நான்கையும் ஒரே சொல் சுமக்கிறது. அவரவர் பாடு என்று நாம் அலட்சியமாகச் சொல்வதற்குள் இத்தனை நீதி ஒளிந்திருக்கிறது.

இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெளிவாகிறது. ஜெட் பங்குதாரர் எவருக்காகவும் காத்திராமல் இருக்கப் பணம் கொடுக்கிறார். பாட்டுக்காரர் பிறருக்காகக் காத்திருக்கச் சம்மதிக்கிறார். அந்தச் சம்மதமே அவரது முதலீடு. ஒன்றில் உபரி விமானம் பூசலைத் தீர்க்கிறது. மற்றதில் உபரி ஏரி இல்லை. பொறுமைதான் தீர்க்க வேண்டும்.

பாட்டைப் பொன்னுலகமாக்கிவிடவும் கூடாது. எந்தப் பங்கீடும் யார் உள்ளே என்று சொல்லும்போதே யார் வெளியே என்றும் சொல்லிவிடுகிறது. ஏரிக்குள் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குச் சீட்டில் பெயரில்லை. தலைக்கட்டுக் கணக்கில் பெண்ணுக்குத் தனிப்பங்கு இல்லை. ஏற்றுமதியால் இறாலின் விலை ஏறியபின் ஏரிக்கரையின் பிற ஊர்களும் பங்கு கேட்டன, பூசல்கள் எழுந்தன. ஒரு சாதியின் உள்ளே நியாயமாக இருந்த முறை, ஏரி முழுவதற்கும் நியாயமா என்ற கேள்வி இன்னும் அங்கே மிதந்துகொண்டிருக்கிறது.

ஒரு பங்கின் இயல்பை அதன் முடிவில்தான் அறிய முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய கப்பல் பங்குகள் கப்பலோடு முடிந்தன: விற்று வந்ததைப் பிரித்துக்கொண்டு கலைந்தார்கள். கம்பெனிப் பங்கை வேறொருவரிடம் விற்றுத்தான் வெளியேற முடிந்தது. அங்கிருந்தே பங்குச் சந்தை பிறந்தது. கடனில் மூழ்கிய அந்தக் கம்பெனி 1799-இன் இறுதியில் கலைக்கப்பட்டது. கடன் டச்சு அரசின் தலையில் விழுந்தது. ஜெட் ஒப்பந்தம் வழக்கமாக ஐந்தாண்டுகள். முடிந்ததும் அன்றைய சந்தை விலைக்குப் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பங்குதாரர் புது விமானத்துக்கு மாறிவிடுவார். மூப்படையும் விமானத்தை அவர் பார்ப்பதே இல்லை.

அது கைமாறிக் கைமாறி, ஒருநாள் அரிசோனா, கலிபோர்னியா போன்ற வறண்ட நிலங்களில் போய் நிற்கும். ஈரமற்ற காற்றில் துரு மெதுவாகவே ஏறும். எஞ்சின், சக்கரத்தொகுதி, மின்னணுக் கருவிகள் கழற்றப்பட்டு வேறு விமானங்களில் வாழும். அலுமினிய உடல் உருக்கப்படும். நம் பக்கத்து அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து 2017 மார்ச்சில் ஓய்வுபெற்ற டியூ-142 விமானங்களுள் ஒன்று விசாகப்பட்டினத்தில் அருங்காட்சியகமானது. அந்த நற்பேறு மிகச் சிலவற்றுக்கே. கரியிழை உடல்கொண்டவற்றின் கதி இன்னும் கடினம். பீச்கிராஃப்ட் நிறுவனம் கரியிழையால் செய்த ஸ்டார்ஷிப் விமானங்கள் மொத்தம் 53. அவற்றில் பலவற்றை நிறுவனமே மீட்டெடுத்து, 2003 தொடங்கி அரிசோனாவில் உடைத்து எரித்தது. இறுகிய பிசினை உலோகம்போல் உருக்கி மறுபடி வார்க்க முடியாது.

பழவேற்காட்டுக் கரையிலும் இதே பாடத்தைப் பார்க்கலாம். கட்டுமரத்தில் ஒரு மரம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்; கெட்ட மரம் அடுப்புக்குப் போகும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகப் பெருமளவில் வந்தவை ஃபைபர் படகுகள். அவை விரைவானவை, இலகுவானவை. ஆனால் உடைந்த ஃபைபர் படகு அடுப்புக்கும் ஆகாது, உலைக்கும் ஆகாது. அரிசோனாவின் வறண்ட காற்று இங்கே இல்லை. உப்பீரக் காற்றில் மணலில் புதைந்து அது கிடக்கும்.

கெல்டிரியா இன்று புதர் மூடிய மேடு. எலும்புக்கூடு செதுக்கிய வாயிலைக் கடந்தால் டச்சுக் கல்லறைகள். பங்குகளுக்காக உயிர்விட்டவர்கள் அங்கே முழுதாக உறங்குகிறார்கள். மரணத்தை எவரும் வீசக்கணக்கில் பங்கிட்டுக்கொள்ள முடிந்ததில்லை. ஏரியில் மட்டும் கழிகள் ஊன்றப்படுகின்றன, பிடுங்கப்படுகின்றன. முகத்துவாரம் மணலடைத்து மூடிக்கொள்ளும் காலங்களில் எல்லாப் பங்குகளும் ஒன்றுபோல் வெறுமையாகிவிடுகின்றன. விற்றுவிட்டு வெளியேற அங்கே சந்தை இல்லை. அடுத்த தலைக்கட்டிடம் கொடுத்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். ஏரி மூப்படைவதைக் கூடவே இருந்து பார்க்க வேண்டியிருப்பது அந்தப் பங்கின் பாரம். அதைக் காக்க அவர்களைவிடக் காரணம் உள்ளவர்கள் வேறு எவருமில்லை என்பதும் அதனால்தான்.