நரம்பின் கதை – 9: சூப்பா, தீப்பொறியா?

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை, தனித்தனியாகவே நிற்கின்றன என்று ஸ்பெயின் நாட்டு கஹால் நிறுவியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அப்படியானால் ஓர் அணுவிலிருந்து அடுத்த அணுவுக்குச் செய்தி எப்படித் தாண்டுகிறது? இந்தக் கேள்வியில் அறிவியலாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். வேதிப்பொருள்தான் தாண்டுகிறது என்றவர்கள் ‘சூப்’ கட்சி. மின்சாரமே நேராகப் பாய்கிறது என்றவர்கள் ‘தீப்பொறி’ கட்சி.

சூப் கட்சிக்கு வலுவான ஆதாரம் தந்தவர் ஓட்டோ லோவி. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மருந்தியல் பேராசிரியர். உப்புக் கரைசல் நிரப்பிய தவளை இதயம் ஒன்று துடித்துக்கொண்டிருக்க, அதன் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு தளர்ந்தது. அதிலிருந்த கரைசலை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்துக்குள் விட்டார். அந்த இதயத்தின் நரம்பை யாரும் தொடவில்லை. ஆனாலும் அதன் துடிப்பும் தளர்ந்தது. 1921-ல் இதை வெளியிட்டார். கரைசலில் கலந்திருந்தது அசிட்டைல்கோலின் என்று பின்னர் தெளிவானது. லண்டனில் ஹென்றி டேல் 1914-லேயே ஆராய்ந்து வைத்திருந்த பொருள் அது. 1936-ல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இரண்டே ஆண்டில் ஆஸ்திரியா ஹிட்லரின் கைக்குப் போனது. யூதரான லோவியைச் சிறையில் அடைத்த நாஜிகள், ஸ்வீடன் வங்கியில் இருந்த நோபல் பணத்தை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே நாட்டைவிட்டுப் போக விட்டார்கள்.

நோபல் கிடைத்தும் தீப்பொறி கட்சி மசியவில்லை. அதன் முன்னணித் தளபதி ஆஸ்திரேலியரான ஜான் எக்கிள்ஸ். இதயம் நிதானமாக மாறும் உறுப்பு, அங்கே வேதிப்பொருள் வேலை செய்யலாம்; ஆனால் தண்டுவடத்தில் செய்தி விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் தாண்டிவிடுகிறதே, அந்த வேகம் மின்சாரத்துக்கு மட்டுமே உண்டு என்பது அவர் வாதம். கூட்டங்களில் டேலுக்கும் அவருக்கும் அனல் பறக்கும். வெளியே வந்தால் நண்பர்கள்.

1940-களில் நியூசிலாந்தின் டுனெடின் நகரில் பேராசிரியராக இருந்த எக்கிள்ஸ், தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரைச் சந்தித்தார். ஒரு கருதுகோளுக்குச் சான்று தேடிக்கொண்டே போவதைவிட, அது எங்கே பொய்க்கும் என்பதைத் துல்லியமாகச் சொல்லிச் சோதிப்பதே அறிவியல் என்றார் பாப்பர். எக்கிள்ஸ் அதைத் தன் கருதுகோளிலேயே பிரயோகித்தார். ஒரு நரம்பணுவை இன்னொன்று அடக்கும்போது உள்ளே மின்னழுத்தம் எந்தத் திசையில் நகர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தார்.

1951 ஆகஸ்டில் பிராக், கூம்ஸ் என்ற இரு சகாக்களுடன், பூனையின் தண்டுவட அணு ஒன்றுக்குள் மிக நுண்ணிய கண்ணாடி மின்முனையைச் செருகினார். அடக்கும் நரம்பைத் தூண்டியதும் மின்னழுத்தம் நகர்ந்தது, அவர் சொன்னதற்கு நேர் எதிர்த் திசையில். மின்சாரக் கொள்கையால் அதை விளக்க முடியாது. எக்கிள்ஸ் தயங்காமல் தன் கருதுகோள் பொய்த்தது என்று அச்சிலேயே அறிவித்துவிட்டு, சூப் கட்சிக்கு மாறினார். பைபிளில் டமாஸ்கஸ் சாலையில் சவுல் மனம் திரும்பியதோடு அதை ஒப்பிட்டார் டேல். மாறிய பக்கத்தில் நின்று செய்த ஆய்வுகளுக்காக 1963-ல் எக்கிள்ஸுக்கும் நோபலில் பங்கு கிடைத்தது.

தீப்பொறி முழுக்க அணைந்துவிடவில்லை. 1950-களின் பிற்பகுதியில், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபர்ஷ்பான், பாட்டர் என்ற இருவர் நன்னீர்க் கல் இறாலின் நரம்பில் மின்சாரம் நேரடியாகவே தாண்டும் இணைப்பைக் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் வேலை செய்தது பெர்னார்ட் காட்ஸின் துறையில். வேதிப்பொருள் சொட்டுச் சொட்டாக அல்ல, பொட்டலம் பொட்டலமாகவே வெளியேறுகிறது என்று காட்டியவர் அந்த காட்ஸ். ஒரு பொட்டலத்தில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். அவர் அதை எப்படி எண்ணினார்?

(அடுத்த வாரம்)