மேகக் கணிமை ஆய்வகக் குறிப்புகளில் இயங்குதளச் சார்பு: அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள், 2008–2021

தொழில்நுட்ப ஆவணத்தை எழுதுபவர், படிப்பவரின் கணினியில் எந்த இயங்குதளம் இருக்கும் என்பதை முன்கூட்டியே ஊகித்துக்கொள்கிறார். அந்த ஊகத்தை வெளிப்படையாகச் சொல்லாதபோதும், தேவையில்லாத இடத்தில் ஒரே இயங்குதளத்தைக் கட்டாயமாக்கும்போதும் சார்பு பிறக்கிறது. மேகக் கணிமையில் இதன் பாதிப்பு அதிகம். தொலைவிலுள்ள சேவையகம் பெரும்பாலும் லினக்ஸில் இயங்க, மாணவரின் மடிக்கணினியில் பெரும்பாலும் விண்டோஸ் இருக்கிறது. சென்னை கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பாடத்திட்டங்களை வரிசையாகப் படித்தால் இச்சார்பு வளர்ந்த விதம் புலப்படும்.

இரு தொடக்கங்கள்

அமேசானின் இசி2 சேவை 2006 ஆகஸ்டில் லினக்ஸுடன் மட்டுமே வந்தது. விண்டோஸ் 2008இல்தான் சேர்ந்தது. ஆகவே அதன் வழிகாட்டிகள் எஸ்எஸ்எச் கட்டளையையே அடிப்படையாகக் கொண்டன. விண்டோஸ் பயனர்கள் புட்டி என்ற மென்பொருளைத் தனியே நிறுவி, சாவிக் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றிய பிறகே சேவையகத்துக்குள் நுழைய முடிந்தது. மைக்ரோசாஃப்ட் எதிர்த்திசையில் தொடங்கியது. 2010இல் வணிகச் சேவையான அதன் மேகத்துக்கு 'விண்டோஸ் அஷூர்' என்றே பெயர். 2012இல் லினக்ஸ் மெய்நிகர் கணினிகள் அதில் இடம்பெற்றன. 2014இல் பெயரிலிருந்து விண்டோஸ் நீங்கியது. 2015இல் சென்னையிலேயே அதன் தரவு மையம் திறக்கப்பட்டது.

பாடத்திட்டம் கண்ட மாற்றம்

சென்னையில் கட்டற்ற மென்பொருளுக்கு நிறுவன ஆதரவு 2005இல் வலுப்பெற்றது. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலுள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. இக்காலச் சூழலில் வந்த, பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத் தொகுப்பான ரெகுலேஷன் 2008, திறமூல ஆய்வகம் ஒன்றையே தனிப் பாடமாக வைத்தது. லினக்ஸ் கருநிரலைத் தொகுத்து நிறுவுவதும், சென் போன்ற கருவிகளால் மெய்நிகர் சூழல் அமைப்பதும் அதன் பயிற்சிகள். ரெகுலேஷன் 2013இன் கிரிட், மேகக் கணிமை ஆய்வகம் யூகலிப்டஸ், ஓப்பன்நெபுலா அல்லது அவற்றுக்கு இணையான மென்பொருளால் மேகத்தையே அமைத்துக் காட்டச் சொன்னது. இரண்டுமே லினக்ஸில் வேரூன்றியவை.

ரெகுலேஷன் 2017இல் நிலை மாறியது. அதன் மேகக் கணிமை ஆய்வகத்தின் முதல் பயிற்சி, விண்டோஸ் 7 அல்லது 8இன் மேல் வர்ச்சுவல்பாக்ஸ் அல்லது விஎம்வேரை நிறுவச் சொல்கிறது. வர்ச்சுவல்பாக்ஸ் லினக்ஸிலும் மேக்கிலும் நன்றாகவே இயங்கும். எனவே இந்த நிபந்தனைக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. நான்காம் பயிற்சி கேட்ட கூகுள் ஆப் எஞ்சின் லாஞ்சரோ விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே வெளியிடப்பட்ட கருவி. லினக்ஸ் வைத்திருந்த மாணவர் அதே வேலையைக் கட்டளைவரியில் செய்ய முடியும். பாடத்திட்டம் அந்த வழியைக் குறிப்பிடவில்லை.

காலம் இச்சார்பின் விலையைக் காட்டியது. 2017இல் சேர்ந்த மாணவர்கள் இந்த ஆய்வகத்துக்கு வரவேண்டிய ஏழாம் பருவம் 2020இல் தொடங்கியது. அவ்வாண்டு ஜனவரி 14 அன்றே விண்டோஸ் 7க்கான ஆதரவு முடிந்துவிட்டது. ரெகுலேஷன் 2021 'விண்டோஸ் 8உம் அதற்கு மேலும்' என்று திருத்திக்கொண்டது. டாக்கர் பயிற்சிகளையும் சேர்த்தது. ஆனால் அடித்தளம் விண்டோஸாகவே தொடர்ந்தது.

சார்பு செயல்படும் இடங்கள்

முதல் இடம் கட்டளை இலக்கணம். நீண்ட கட்டளையை அடுத்த வரியில் தொடர பாஷில் பின்சாய்கோடும், விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் கூரைக்குறியும், பவர்ஷெல்லில் பின்மேற்கோளும் தேவை. ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றில் ஒட்டினால் பிழைதான் வரும். இரண்டாவது, கோப்பு அனுமதி. சாவிக் கோப்பைப் பாதுகாக்கும் சிமாட் கட்டளை விண்டோஸில் இல்லை. மூன்றாவது, திரைப்பிடிப்புகள். விண்டோஸ் சாளரங்களை மட்டும் காட்டும் லேப் மேனுவல், உபுண்டு வைத்திருப்பவருக்குப் பாதி வழியில் துணை நிற்காமல் போகிறது. புதிதாகக் கற்பவர் இப்பிழைகளைத் தம் திறமைக் குறைவாக எடுத்துக்கொள்வதுதான் இவற்றால் நேரும் பெருங்கேடு.

குறைந்த இடைவெளி, தொடரும் கடமை

2016இல் விண்டோஸுக்குள் லினக்ஸ் துணையமைப்பு வந்தது. அவ்வாண்டே பவர்ஷெல் திறமூலமாகி லினக்ஸிலும் ஓடத் தொடங்கியது. 2018இல் விண்டோஸ் 10உடன் எஸ்எஸ்எச் கருவியும் சேர்ந்தே கிடைத்தது. கருவிகள் நெருங்கிவிட்ட நிலையில், எஞ்சியிருப்பது எழுதுபவரின் பொறுப்பு. அதற்கான முன்மாதிரி ரெகுலேஷன் 2017 பாடத்திட்டத்திலேயே உள்ளது. மேகச் சூழலை கிளவுட்சிம் மூலம் பாவனை செய்யச் சொல்லும் பயிற்சி, செய்யவேண்டிய பணியை மட்டுமே வரையறுக்கிறது. ஜாவாவில் எழுதப்பட்ட கிளவுட்சிம் எந்த இயங்குதளத்திலும் ஓடும். மற்றப் பயிற்சிகளும் இவ்வாறே பணியை வரையறுத்து, கட்டளைகளை ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனியே தந்து, சோதித்த பதிப்பையும் குறிப்பிட வேண்டும். அப்போதுதான் மாணவர் எந்தக் கணினியுடன் வந்தாலும் ஆய்வகம் அவருக்குப் பொதுவானதாக இருக்கும்.