பயன் சொன்ன இதழ்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்கள் படகுக்காகக் காத்து நிற்பார்கள். புங்குடுதீவின் இந்தக் கரையிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் சைவக் கோயில்களில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் ஒன்று உண்டு: புராண படனம். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பயன், அதாவது பொருள், சொல்வார். பயன் சொல்பவருக்கு இலக்கணமும் தெரிய வேண்டும், சைவ சித்தாந்தமும் தெரிய வேண்டும். கேட்டிருப்போரிலும் கற்றவர்கள் உண்டு என்பதால் பிழைவிட்டுத் தப்ப முடியாது.

இதே வேலையை அச்சில், அதுவும் ஆங்கிலத்தில், உலகறியச் செய்த இதழ் 'சித்தாந்த தீபிகை'.

1897 ஜூனில் சென்னையில் அதைத் தொடங்கியவர் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை. தொழிலால் மாவட்ட முன்சீப். பகலில் வழக்குக் கட்டுகள், மிஞ்சிய நேரமெல்லாம் சைவ சித்தாந்த நூல்களான மெய்கண்ட சாத்திரம். இரண்டு வருடங்களுக்கு முன்பே சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தார். அந்த நாளில் இந்தியத் தத்துவம் என்றாலே வெளிநாட்டாருக்கு வேதாந்தம்தான். 1897 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்த விவேகானந்தர் பேசியதும் வேதாந்தம் பற்றியே. தமிழில் இவ்வளவு ஆழமாக வளர்ந்த சைவ சித்தாந்தத்தை எடுத்துச் சொல்ல ஒரு மேடை இல்லையே என்ற கவலை நல்லசாமிப் பிள்ளைக்கு இருந்தது. அந்தக் கவலைக்கு அவர் கண்ட வழிதான் மாத இதழ்.

முதலில் ஆங்கிலத்தோடு தமிழ்ப் பதிப்பும் வந்தது. தமிழ்ப் பதிப்பின் முதல் சில இதழ்களைக் கவனித்தவர் வேதாசலம் என்ற இளைஞர், பின்னாளின் மறைமலையடிகள். 1902இல் அவர் 'ஞானசாகரம்' என்று சொந்த இதழே தொடங்கிவிட்டார். 'தீபிகை'யின் பெயர் நிலைத்தது ஆங்கிலப் பதிப்பால்.

அதன் பக்கங்களைப் புரட்டினால் ஓர் ஆசிரியரின் இதழ் பலருடைய சபையாக மாறியது தெரியும். மகாதேவ சாஸ்திரி ஸ்ரீகண்ட பாஷ்யத்தை மொழிபெயர்த்துத் தொடராகக் கொடுத்தார். ஆக்ஸ்போர்டில் முதுமையில் இருந்த ஜி. யு. போப் புறநானூற்றுச் செய்யுள்களை மொழிபெயர்த்து அனுப்பினார். சித்தாந்தத்துக்கென்று தொடங்கிய இதழ் சங்கப் பாட்டுக்கும் இடம் கொடுத்தது. பிற்காலத் தொகுதிகளில் பெயரோடு ஆகம ஆராய்ச்சியையும் சேர்த்துக்கொண்டது. ஆசிரியப் பொறுப்பும் வி. வி. ரமணனிடம் போனது. அதற்குள் நல்லசாமிப் பிள்ளையின் கட்டுரைகள் திரண்டு 1911இல் 'சைவ சித்தாந்த ஆய்வுகள்' என்ற பொருள்படும் ஆங்கில நூலாயின. அதற்கு முன்னுரை எழுதியவரும் ரமணனே. சிவஞான சித்தியார் மொழிபெயர்ப்பு 1913இல் நூலாக வந்தது.

இதழுக்கு யாழ்ப்பாண உறவும் உண்டு. யாழ்ப்பாண வேர் கொண்ட குடும்பத்தில் 1877இல் கொழும்பில் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன். பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் மாமன் மகன். படிப்பால் நிலவியல் அறிஞர். பாறைகளை ஆராய இலங்கை வந்தவரைக் கலை பிடித்துக்கொண்டது. நடராசர் திருவுருவத்தைப் பற்றி அவர் எழுதிய 'சிவ நடனம்' என்ற ஆங்கிலக் கட்டுரை முதலில் அச்சேறியது 'தீபிகை'யில், 13ஆம் தொகுதியின் முதல் இதழில், 1912 ஜூலையில்.

கோயிலில் பயன் சொல்பவர் செய்வதைத்தான் அந்தக் கட்டுரையும் செய்கிறது. உடுக்கை ஏந்திய கை படைப்பு, அபயம் காட்டும் கை காத்தல், தீ ஏந்திய கை அழித்தல், ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய திருவடி அருளல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, ஐந்தொழிலையும் ஒரே உருவத்தில் காட்டுகிறது. தமிழ்ச் சாத்திர நூல்களையே அதற்குச் சான்றாக வைக்கிறது. செம்புத் திருமேனியை வெறும் சிற்பமாகப் பார்த்தவர்கள் அதில் ஒரு தத்துவத்தைப் படிக்கப் பழகினார்கள்.

14 தொகுதிகளோடு 1914இல் இதழ் நின்றது. நல்லசாமிப் பிள்ளை 1920இல் காலமானார். 'சிவ நடனம்' 1918இல் நியூயோர்க்கில் வெளிவந்த கட்டுரைத் தொகுப்புக்குத் தலைப்பும் ஆயிற்று. 2004 ஜூனில் ஜெனீவாவின் செர்ன் அணு ஆய்வுக்கூடத்தில் இந்தியா அன்பளித்த நடராசர் சிலை நிறுவப்பட்டபோது, அதன் அடியில் பதித்த பலகையில் குமாரசுவாமியின் சொற்களும் இருந்தன.