கார் மின்னேற்ற அமைப்பின் பழுதறிதல்

என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து, பேட்டரியை நிரப்பி, காரின் மற்ற மின்கருவிகளையும் இயக்குவது மின்னேற்ற அமைப்பு. இதில் பழுது ஏற்பட்டாலும் முதலில் சோர்வது பேட்டரிதான். அதனால் பேட்டரியை மாற்றுமுன் அமைப்பு முழுவதையும் அளந்து பார்ப்பது அவசியம்.

இயங்கும் முறை

என்ஜினோடு பெல்ட்டால் இணைந்த ஆல்டர்னேட்டர் மாறுமின்னோட்டத்தை உண்டாக்குகிறது. டயோடுகள் அதை நேர்மின்னோட்டமாக்குகின்றன. ரெகுலேட்டர், கார்பன் பிரஷ் வழியே சுழலிக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து மின்னழுத்தத்தை நிலைப்படுத்துகிறது.

எச்சரிக்கை விளக்கு

சாவியை ஆன் செய்ததும் பேட்டரி விளக்கு எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் மின்னேற்றத்தில் குறை உள்ளது. ஆன் செய்தபோதே எரியாததும் பழுதின் அறிகுறியே: பல பழைய மாடல்களில் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்னோட்டம் இவ்விளக்கின் வழியாகவே செல்கிறது.

அளவீடுகள்

முதலில் பெல்ட்டின் தேய்மானம், தொய்வு, பேட்டரி முனைகளின் களிம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சில மணி நேரம் ஓய்ந்திருந்த, நிறைந்த 12 வோல்ட் பேட்டரி மல்டிமீட்டரில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.7 வரை உயரும். உயராவிட்டால் மின்னேற்றம் இல்லை. 15-ஐத் தாண்டி நின்றால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம்; அமிலம் கொதித்து பேட்டரி கெடும்.

ஹெட்லைட், ஏசி விசிறி ஆகியவற்றைப் போட்டு என்ஜின் வேகத்தைக் கூட்டியும் 13-க்குக் கீழே இறங்கினால், பெல்ட் வழுக்கல், தேய்ந்த பிரஷ், கெட்ட டயோடு ஆகியவை காரணமாகலாம். பேட்டரி முனைகளில் மாறுமின்னழுத்தம் அரை வோல்ட்டை மிஞ்சினால் டயோடு பழுதாகியிருக்கக்கூடும்.

ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் பேட்டரியின் நேர்முனைக்கும் இடையே, இதே சுமையில், சுமார் 0.3 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் குறை வயரில் அல்லது இணைப்பில் உள்ளது. எர்த் பக்கத்தையும் இவ்வாறே அளக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

கணினி கட்டுப்படுத்தும் புதிய கார்களில் மின்னழுத்தம் தேவைக்கேற்ப மாறும். ஒரே அளவீட்டைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது. ஆல்டர்னேட்டரைச் சோதிப்பதற்காக, ஓடும் என்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றுவது ஆபத்தானது: திடீரென எகிறும் மின்னழுத்தம் மின்னணுக் கருவிகளைப் பொசுக்கிவிடும்.

அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் நிறுத்திவைத்த காரின் பேட்டரி இறங்கினால், பேட்டரியின் வயதையும், ஓய்விலும் மின்சாரம் உறிஞ்சும் கருவிகளையும் சோதிக்க வேண்டும்.