நிஜமா, ஓவியமா? நடுகல் முதல் வீடியோ கேம் வரை

புதிதாக ஒரு வீடியோ கேம் வந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி, "கிராபிக்ஸ் எப்படி?" என்பதுதான். "அப்படியே நிஜம் மாதிரி இருக்கு" என்று பதில் வந்தால் கேம் பாஸ். "கார்ட்டூன் மாதிரி இருக்கு" என்றால் பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். நிஜம் போலக் காட்டுவதுதான் திறமை, வரைந்தது போலக் காட்டுவது வசதி இல்லாதவன் செய்வது என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

கல்லில் ஒரு பதில்

கம்பைநல்லூர் இருக்கும் தர்மபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவனுக்கு ஊரார் நட்ட கல் அது. பல ஊர்களில் அதை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். அந்தக் கல்லில் இருக்கும் வீரனைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள், சில கற்களில் உடம்பில் தைத்த அம்புகள். முகத்தை வைத்து மட்டும் ஆளை அடையாளம் காண முடியாது.

சிற்பி முகச்சாயலைத் தேடவில்லை. அவன் எப்படி இறந்தான் என்பதைக் காட்டினார். அவன் யார் என்பதைப் பக்கத்தில் வெட்டிய எழுத்து சொன்னது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. சுமார் 1400 வருடம் கழித்தும் கதை புரிகிறது!

மீசை வந்த கதை

வீடியோ கேம்களும் இதே இடத்தில்தான் தொடங்கின. 1972-ல் அட்டாரி வெளியிட்ட 'பாங்' விளையாட்டில் இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியும்தான். அதை டேபிள் டென்னிஸ் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

1981-ல் நின்டெண்டோவின் 'டாங்கி காங்' வந்தது. பின்னாளில் மரியோ என்று பெயர் பெற்ற பாத்திரத்தை மியாமோட்டோ உருவாக்கியபோது, கையில் இருந்தவை சில பிக்சல்களே. வாய் வரைய இடமில்லை, அதனால் பெரிய மூக்கும் மீசையும். தலைமுடி வரைவது கஷ்டம், அதனால் தொப்பி. இன்று எத்தனையோ மடங்கு சக்தியுள்ள கருவிகள் வந்துவிட்டன. மீசையும் தொப்பியும் அப்படியே இருக்கின்றன. இயலாமையாகத் தொடங்கியது அடையாளமாகிவிட்டது.

நிஜத்தைத் துரத்தியவர்களும் உண்டு. 1991-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' கையால் வரைந்த உருவங்களைக் கொண்டது. 1992-ல் வந்த 'மார்ட்டல் காம்பாட்' நிஜ நடிகர்களைப் படம்பிடித்து உள்ளே வைத்தது. அன்றைக்கு அது அதிசயம். நிஜம் போல ரத்தம் தெறித்ததில் அமெரிக்க செனட் சபையே 1993-ல் விசாரணை நடத்தியது. இன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மங்கிய போட்டோ போல இருப்பது நிஜ நடிகர்கள்தான். வரைந்த உருவங்கள் புதிதாகவே இருக்கின்றன.

2000-ல் நின்டெண்டோ ஒரு கண்காட்சியில் 'செல்டா' நாயகனை நிஜம் போலக் காட்டியது. அடுத்த வருடமே அவனைப் பெரிய கண்கள் கொண்ட கார்ட்டூனாக மாற்றிக் காட்டியபோது ரசிகர்கள் பலர் கொதித்துப் போனார்கள். 2002 டிசம்பரில் ஜப்பானில் வெளியான அந்த 'விண்ட் வேக்கர்', அதே தொடரின் அழகான விளையாட்டுகளில் ஒன்றாக இன்று பேசப்படுகிறது.

காரணம் எளிது. நிஜம் போலச் செய்த படம் அடுத்த வருடத்து கிராபிக்ஸ் கார்டோடு போட்டி போட வேண்டும். ஓவியம் தன்னோடு மட்டும்தான் போட்டி போடுகிறது.

நிஜம் வேண்டாமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் பிரவுசிங் சென்டர்களிலும் வீடுகளிலும் ஓயாமல் ஓடிய 'கிரிக்கெட் 07' விளையாட்டில், உரிமம் இல்லாததால் இந்திய வீரர்களின் நிஜப் பெயர்கள் இல்லை. ரசிகர்களே பேட்ச் எழுதி பெயர், முகம், ஜெர்ஸி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார்கள். மட்டை பிடிப்பது சச்சின் என்றால் சச்சின் போலத்தான் இருக்க வேண்டும்! தெரிந்த மனிதர் வரும் இடத்தில் சாயல் முக்கியம்.

ஆனால் அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே இதை எழுதினார்: பொம்மை மனிதனை நெருங்க நெருங்கப் பிடித்துப்போகும், கிட்டத்தட்ட மனிதனாகிவிட்ட கட்டத்தில் திடீரென அருவருப்பு தரும். 2014 மே மாதம் மோஷன் கேப்சர் முறையில் வந்த 'கோச்சடையான்' படத்துக்கு நேர்ந்ததும் இதுதான். ரஜினியின் ஒவ்வொரு அசைவும் தமிழ் ரசிகர்களுக்கு மனப்பாடம். அதனால் கண்ணில் உயிர் குறைந்ததும் முகம் விறைத்ததும் உடனே தெரிந்துவிட்டன.

வெண்பா சொன்னது

டொராண்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு, 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்திருக்கும். விடுபட்டதை யூகித்து இட்லி சுட வேண்டும். எல்லாமே தட்டையான, பளிச்சென்ற வண்ண ஓவியங்கள். வியர்வைத் துளியோ தோல் சுருக்கமோ தனித்தனியாகத் தெரியாது. இருந்தும் மகன் தமிழை விட்டு விலகும்போது அம்மாவின் முகம் வாடுவது புரிகிறது. 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது இதற்குக் கிடைத்தது.

பெரிய நிறுவனத்தின் பணத்தோடு மோதியிருந்தால் இந்தக் குழு நின்றிருக்காது. வேறு பாதையில் போனதால் நின்றது.

சின்ன ஊரில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு கேம் செய்ய ஆசைப்படும் மாணவர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. எதைக் காட்ட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்தால் போதும். எடுத்தனூர்ச் சிற்பியிடம் ஓர் உளியும் ஒரு பலகைக் கல்லும்தான் இருந்தன.