கிளினிக் கொப்பியைக் கவனமாக வையுங்கள்: நமது இலவச சுகாதார சேவை இயங்கும் விதம்

அரச வைத்தியசாலைக்குப் போகக் காசு தேவையில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். 1951இல் சிகிச்சைக் கட்டணம் நீக்கப்பட்டது; இன்றும் இதுவே நாட்டின் நடைமுறை. ஆனால் எந்த வருத்தத்துக்கு எங்கே போவது, ஒரு சேவை கிடைக்காவிட்டால் யாரிடம் கேட்பது என்பது பலருக்குத் தெரிவதில்லை. இடம்பெயர்ந்து, பத்திரங்களைத் தொலைத்து, மீளக் குடியேறிய குடும்பங்கள் இதனால் கூடுதலாக அலைகின்றன. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் இல்லாமற் போன பிறகு சிகிச்சை இலவசம் என்று சொல்வதில் பெரிய பொருள் இல்லை.

நமது சுகாதார சேவைக்கு இரண்டு கைகள் உண்டு. ஒன்று நோய் வராமல் காப்பது. இதைச் செய்வது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய இந்த முறையே இன்று நாடு முழுவதும் இருக்கிறது. கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், டெங்கு, குடிநீர், உணவுக் கடைகளைப் பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோர் இந்தப் பணிமனையின் ஆட்கள். தடுப்பூசி, குழந்தையின் நிறை, குடும்பத் திட்டம் எல்லாம் இங்கேதான். இந்தக் கை இடத்தைப் பொறுத்தது. வாக்காளர் இடாப்பில் பெயர் எந்த ஊரில் இருக்கிறது என்பது இங்கே முக்கியமில்லை. உறவினர் வீட்டில் தங்கியிருந்தாலும், இப்போது குடியிருக்கும் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரே உங்களுக்குரியவர்.

மற்றக் கை வந்த நோயைப் பார்ப்பது. இதிலே படிகள் உண்டு. அடியில் வெளிநோயாளரை மட்டும் பார்க்கும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு அலகு. அதற்கு மேல் வாட் வசதியுள்ள பிரதேச வைத்தியசாலை. பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் ஆகிய நான்குக்கும் வைத்திய நிபுணர்கள் இருக்க வேண்டிய இடம் ஆதார வைத்தியசாலை. பருத்தித்துறையும் தெல்லிப்பழையும் அத்தகையவை. வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவில் மாவட்டப் பொது வைத்தியசாலைகள். அவற்றுக்கும் மேலே யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகள்.

கீழ்ப்படியில் காட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் இல்லை. விரும்பிய அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு நேரே போகலாம். இது நல்ல விடயம்தான். ஆனால் தடிமன் காய்ச்சலுக்கும் பெரியாஸ்பத்திரிக்கே போகிறோம். அங்கே விடியற்காலையிலேயே வரிசை நிற்கிறது. நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் போன்ற நீண்டகால வருத்தங்களுக்கு மாத மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள வைத்தியசாலையில் எடுக்க முடியுமா என்று உங்கள் கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள். உங்கள் மருந்து அங்கே இருக்குமானால் கடிதம் எழுதித் தருவார். இன்னொன்று, நிபுணரின் கிளினிக்குக்குப் போவதற்கு முதலில் அவரைத் தனியாரில் சனல் பண்ணிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. வெளிநோயாளர் பிரிவு வைத்தியர் எழுதும் கடிதமே போதும்.

முறைப்பாடு செய்யும்போது வைத்தியசாலை யாருக்குச் சொந்தம் என்பது முக்கியம். 1987இன் 13ஆவது திருத்தம் சுகாதாரத்தை இரண்டாகப் பிரித்தது. போதனா வைத்தியசாலைகள் கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் கீழ் உள்ளன. வடக்கில் மற்றவை பெரும்பாலும் மாகாணத்தின் கையில். அவற்றைப் பற்றிப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும், அதற்கு மேல் மாகாணப் பணிப்பாளருக்கும் எழுத வேண்டும். 2018 ஒக்டோபரில் வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்ததிலிருந்து மக்கள் தெரிவுசெய்த மாகாண சுகாதார அமைச்சர் என்று எவரும் இல்லை. நிர்வாகம் ஆளுநரின் கீழ் நடக்கிறது. ஒரு வைத்தியசாலையில் ஆளணி இல்லை என்றால் யாரைக் கேட்பது என்ற குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கடதாசி. நமது முறையில் நோயாளியின் வரலாறு பெரும்பாலும் அவர் கையிலேயே இருக்கிறது. கிளினிக் கொப்பியும், வாட்டிலிருந்து துண்டு வெட்டும்போது தரும் நோய்நிலை அட்டையும்தான் அடுத்த வைத்தியருக்கு உங்களைப் பற்றிச் சொல்பவை. 2009இல் புதுமாத்தளனில் கட்டுப்போடப்பட்டு, கப்பலில் திருகோணமலைக்கோ புல்மோட்டைக்கோ ஏற்றப்பட்டு, பிறகு வவுனியா முகாமுக்கு வந்தவரிடம் இவற்றில் எது மிஞ்சியிருக்கும்? அப்படியானவர்கள் பழைய அட்டை இல்லை என்பதற்காகக் கிளினிக்குக்குப் போகாமல் இருக்க வேண்டாம். பரிசோதித்து, எக்ஸ்ரே எடுத்துப் புதிய கொப்பி திறக்க முடியும். எந்த ஆண்டு, எந்த இடத்தில் காயம், எங்கே சத்திரசிகிச்சை என்பதை நினைவில் உள்ளபடி ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்.

உடலில் ஷெல் துண்டோ சன்னமோ இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் இயந்திரம் மிக வலுவான காந்தம். உள்ளே இருக்கும் உலோகம் அசையலாம், சூடாகலாம். கண், மூளை, முள்ளந்தண்டுக்கு அருகில் என்றால் ஆபத்து அதிகம். எல்லோருக்கும் ஸ்கான் மறுக்கப்படும் என்பதல்ல. எக்ஸ்ரே பார்த்து வைத்தியர் முடிவெடுப்பார். ஆனால் அவர் தானாக அறிய வழியில்லை. பயத்தாலோ, பழைய கேள்விகள் திரும்பவும் வரும் என்ற தயக்கத்தாலோ இதை மறைப்பவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக் கூடியது. என்றாலும் ஸ்கான் அறைக்குள் போகும்முன் சொல்லியே ஆக வேண்டும்.

மனவடுக்களுக்கும் இதே கட்டமைப்பில் இடமுண்டு. யாழ்ப்பாணத்திலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. மாவட்ட வைத்தியசாலைகளிலும் கிளினிக்குகள் நடக்கின்றன. நித்திரையின்மைக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி ஆண்டுக்கணக்காகப் போடுவதைவிட அங்கே போவது நல்லது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருந்தை வெளியில் வாங்கச் சொல்வது கூடியிருக்கிறது. அப்படிச் சொன்னால் பதில் மருந்து உண்டா, வைத்தியசாலையே உள்ளூர்க் கொள்வனவு செய்யுமா என்று கேட்பதில் தவறில்லை. செலவு கூடிய சத்திரசிகிச்சைகளுக்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கோரலாம். 2025 பெப்ரவரியிலிருந்து விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம் என்பதால், வன்னியிலிருந்து கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ். 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்த இந்தச் சேவைக்கும் கட்டணம் இல்லை. வீட்டு இலக்கம் இல்லாத குடியேற்றங்களில் கோயில், பாடசாலை, சனசமூக நிலையம் என்று ஏதாவது அடையாளம் சொல்லி, ஓர் ஆளைச் சந்தியில் நிறுத்துங்கள். ஏறும்போது கிளினிக் கொப்பியையும் எடுத்துக் கொள்ளுங்கள்.