மனோரா யாருடைய வெற்றித் தூண்?

நம்ம பகுதிக்காரர்களுக்கு மனோராவைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மல்லிப்பட்டினத்துக்கு அருகே, சரபேந்திரராஜன்பட்டினத்தில், கடலைப் பார்த்து நிற்கும் எட்டு அடுக்குக் கட்டடம். ஆறு பட்டை, ஏறக்குறைய 75 அடி உயரம், சுற்றிலும் மதிலும் அகழியும். பேராவூரணியில் கல்யாணத்துக்கு வரும் வெளியூர் உறவினர்களையும், லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளையும் அங்கே அழைத்துப் போவது, பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வந்து சேர்ந்த வேலை. சம்பளமும் லைசென்சும் இல்லாத கைடு நான்.

கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. நெப்போலியன் வீழ்ந்ததையும் ஆங்கிலேயர் வென்றதையும் கொண்டாடக் கட்டியதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. தம்மைப் பிரிட்டிஷாரின் நண்பர், கூட்டாளி என்றும் மன்னர் அதில் குறிப்பிட்டிருக்கிறார்.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். 1954-ல் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை விட்டுப் போன பிறகும் பள்ளிக்கூடம் பிரெஞ்சாகவே இருந்தது. எங்கள் சரித்திரப் புத்தகத்தில் நெப்போலியன் மாவீரர். 1805-ல் அவர் ஆஸ்டர்லிட்ஸில் வென்றதை எங்கள் முசே கண் விரியச் சொல்லுவார். வாட்டர்லூ வந்ததும் அவர் குரல் இறங்கிவிடும். அப்படிப் படித்த எனக்கு, அதே மனிதரின் வீழ்ச்சிக்கு நம் கடற்கரையில் ஒரு கோபுரம் நிற்பதைப் பார்த்தபோது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

பலரும் இதை வாட்டர்லூ வெற்றிச் சின்னம் என்கிறார்கள். குமாஸ்தா புத்தி எனக்கு. எந்தக் கோப்பிலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். கல்வெட்டின் ஆண்டு 1814. வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூன் 18-ல். எனவே கல்வெட்டு சொல்லும் வீழ்ச்சி அதற்கு முந்தியது. 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடி துறந்து எல்பா தீவுக்குப் போனாரே, அதுதான். மறு ஆண்டு அவர் அங்கிருந்து தப்பி வந்து மறுபடியும் படை திரட்டியது தனிக்கதை.

ஒருமுறை ஒரு பையன் கேட்டான்: "தாத்தா, வெள்ளைக்காரன் ஜெயிச்சதுக்கு நம்ம ராஜா ஏன் கோபுரம் கட்டணும்?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல 1798-க்குப் போக வேண்டும்.

சரபோஜி, துளஜா மன்னரின் சுவீகாரப் பிள்ளை. சித்தப்பா அமர்சிங்கோடு இருந்த வாரிசுத் தகராறில், கம்பெனியின் தயவால்தான் 1798-ல் அரியணை ஏறினார். சிறுவயதில் அவரைக் காத்து வளர்த்தவர் பாதிரியார் ஷ்வார்ட்ஸ். அதே சமயம் நெப்போலியன் எகிப்தில் இறங்கி, திப்பு சுல்தானுக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரர் இந்தியாவுக்கு வந்துவிடுவார்கள் என்ற பயம் கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லிக்கு. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டார். அக்டோபரில் தஞ்சை உடன்படிக்கை கையெழுத்தானது. நாட்டு நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்குப் போனது. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும், ஆண்டுக்கு ஒரு லட்சம் பகோடாவும், நில வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. அந்த ரிச்சர்டின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லி ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவர். பிற்பாடு வெல்லிங்டன் பிரபு ஆகி, வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவரும் அவரே. தஞ்சை ராஜ்யம் அண்ணன் காலத்தில் போனது. நெப்போலியன் சாம்ராஜ்யம் தம்பி கையால் முடிந்தது.

காரைக்காலும் இந்தக் கணக்கில் வரும். 1739-ல் அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதே தஞ்சை மன்னரிடமிருந்துதான். மனோரா கட்டப்பட்டபோது காரைக்காலும் பாண்டிச்சேரியும் ஆங்கிலேயர் பிடியில் இருந்தன. ஐரோப்பாவில் சமாதானம் ஆன பிறகு, 1816, 1817-ல்தான் அவை பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பின. எல்பாவும் பாரிசும் நம் வயல்காட்டுக்கு அவ்வளவு தூரமில்லை.

"அப்போ ராஜா துரோகியா?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களிடம் நான் இன்னொரு கல்லைப் பற்றிச் சொல்வேன். 1803-ல் இதே சரபோஜி, தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் தம் போன்ஸ்லே வம்சத்தின் சரித்திரத்தை மராத்தியில் மிக நீளமாக வெட்ட வைத்தார். ராஜ்யம் கைவிட்டுப் போய் நாலே வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம் என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லும் கல் அது. பதினோரு வருஷம் கழித்து வெட்டிய மனோரா கல், கம்பெனி துரைமார் படிப்பதற்கு.

ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதியவன் நான். "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று முடிக்காத கடிதம் கிடையாது. அந்தக் கடைசி வரியை வைத்து எழுதியவன் மனசை யாரும் அளக்க முடியாது. மனோரா கல்வெட்டை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். நன்றியும் இருந்திருக்கும், பயமும் இருந்திருக்கும். மிஞ்சிய வருமானத்தில் அவர் சரஸ்வதி மகாலுக்குப் புத்தகம் சேர்த்தார், ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம் கட்டினார், கண் நோய்க்கு வைத்தியம் பார்க்க வைத்தார். 1832-ல் காலமானார். மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசில்லாமல் இறந்ததும், "கூட்டாளி" வீட்டில் மீதி இருந்ததையும் கம்பெனி எடுத்துக்கொண்டது.

ஆக, அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதில் இது: எழுத்து இங்கிலீஷ்காரன் வெற்றி. கோபுரம் எழும்பியது, மன்னருக்கு மிஞ்சிய வருமானத்தில், அதாவது நம் டெல்டா குடியானவன் கட்டிய வரியில். சுமந்து அடுக்கியதும் உழைக்கிற ஜனங்கள்தான். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆகவே இது முதலில் நம்முடையது. அடுத்த முறை போகும்போது சுவரில் யாராவது பெயர் கிறுக்கினால் தடுத்துவிடுங்கள். முடிந்தால், தஞ்சாவூர் போகும் வழியில் ஒரத்தநாட்டில் இறங்கி அந்தச் சத்திரத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மனோராவை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் மன்னர் பாதிதான் தெரிவார்.